ஒன்பது மணிக்குப் பிறகு

மைசூரிலிருந்து தெற்கே வரும் நெடுஞ்சாலை குண்டலுபேட்டையில் இரண்டாகக் கிளைக்கிறது. ஒன்று பந்திப்பூர் வழியாகக் கூடலூருக்கும் ஊட்டிக்கும் போகிறது. மற்றது மேற்கே திரும்பி, சுல்தான் பத்தேரி வழியாக வயநாட்டைக் கடந்து கோழிக்கோட்டில் இறங்குகிறது. பகலில் அந்தக் கவையில் நின்று பார்த்தால் எந்தச் சிற்றூர்ச் சந்திப்பையும் போலத்தான் இருக்கும். டீக்கடை, பஞ்சர் கடை, செண்டுமல்லி மூட்டைகள். இரவு ஏழரைக்கு மேல் அந்த இடத்துக்கு ஒரு பதற்றம் வந்துவிடும். கேரளத்துக்குக் காய்கறி ஏற்றிய லாரிகள் ஒன்றையொன்று முந்தும். ஓட்டுநர்கள் டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஏறுவார்கள். இரண்டு சாலைகளும் ஊரைவிட்டுக் கொஞ்ச தூரத்திலேயே பந்திப்பூர் புலிகள் காப்பகத்துக்குள் நுழைகின்றன. இரவு ஒன்பது மணிக்குக் காட்டின் கதவை அடைத்துவிடுவார்கள். அப்புறம் காலை ஆறு மணிக்குத்தான் திறப்பு.

2009 ஜூனில் சாமராஜநகர் மாவட்ட நிர்வாகம் இந்தத் தடையைக் கொண்டுவந்தது. (குண்டலுபேட்டை 1997 வரை மைசூர் மாவட்டத்தில் இருந்த ஊர். சாமராஜநகர் தனி மாவட்டமானபோது அதோடு சேர்ந்துகொண்டது.) இரவில் வண்டியில் அடிபட்டுச் செத்த விலங்குகள்தான் காரணம். எதிர்ப்பு கிளம்ப, சில நாட்களிலேயே உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. விஷயம் கர்நாடக உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2010 மார்ச்சில் நீதிமன்றம் தடையை உறுதிசெய்தது. ஆம்புலன்சுக்கும் ஒருசில அரசுப் பேருந்துகளுக்கும் மட்டும் விலக்கு. வயநாட்டுக்காரர்களுக்கு இதில் இன்றுவரை மனத்தாங்கல் உண்டு. 2019-இல் பத்தேரியில் உண்ணாவிரதமே நடந்தது. சரக்கோடும் ஆட்களோடும் குட்டா வழியாகச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருப்பவர்களின் கஷ்டம் கஷ்டம்தான். ஆனாலும் நான் இந்தக் கதவின் பக்கம். ஏன் என்று சொல்லத்தான் இந்த அத்தியாயம்.

கதவு அடைத்த பிறகு முதல்முறையாக நான் சாவடிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பது எட்டு. சாவடிக் காவலர் கைக்கடிகாரத்தைக் காட்டிவிட்டுத் தலையசைத்தார். கெஞ்சிப் பார்த்தேன், நடக்கவில்லை. வண்டியைத் திருப்பும் முன் எஞ்சினையும் விளக்கையும் அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். கோபம் தணிவதற்காகத்தான். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. காதுக்குள் எஞ்சின் இரைச்சலின் மிச்சம் ஓடிக்கொண்டிருந்தது. அது வடிந்த பிறகு, சாலைக்கு அந்தப் புறத்திலிருந்து ஓர் ஒலி வந்தது. கோலிக்குண்டைச் சிமெண்டுத் தரையில் போட்டால் துள்ளித் துள்ளிக் கடைசியில் கிடுகிடுவென்று அடங்குமே, அச்சு அசல் அந்த ஒலி. பக்கி. இரவில் வாயைத் திறந்துகொண்டு பறந்து பூச்சி பிடிக்கும் பறவை. பிறகு தொலைவில் புள்ளிமானின் எச்சரிக்கைக் குரல், ஒரே ஒருமுறை. அவ்வளவுதான். ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் எனக்கு ஒன்று உறைத்தது. இந்தச் சாலையில் எத்தனையோ முறை போயிருக்கிறேன்; இந்தக் காட்டை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

புலிகள் காப்பகத்துக்குள் இரவில் நடக்க யாருக்கும் அனுமதியில்லை; இருக்கவும் கூடாது. இரவுக் காட்டுக்குள் நடக்க வேண்டுமானால் அதே சாலையில் மேற்கே போக வேண்டும். மறுநாள் காலை ஆறு மணிக்குக் கதவு திறந்ததும் நான் அதைத்தான் செய்தேன்.

குண்டலுபேட்டையிலிருந்து வயநாட்டின் மேற்கு விளிம்புக்குப் போகும் இந்தச் சாலை, மழை எப்படிக் காட்டைச் செதுக்குகிறது என்பதற்கு ஒரு பாடநூல். அரபிக்கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் முட்டி மேலே ஏறுகிறது, ஏறினால் குளிர்கிறது, குளிர்ந்தால் சுமக்க முடியாமல் நீரைக் கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும்போது காற்று காலிக் குடமாகிவிடும். அந்தக் காலிக் குடத்துக்குக் கீழே இருக்கிறது குண்டலுபேட்டை. அதனால்தான் அங்கே கேழ்வரகும் சூரியகாந்தியும். பந்திப்பூருக்குள் தேக்கும் மருதும் மூங்கிலும் நிற்கும் இலையுதிர் காடு. கோடையில் எலும்புக்கூடு மாதிரி நிற்கும். முத்தங்கா தாண்டி, பத்தேரி, கல்பற்றா என்று போகப் போக மரங்களின் உயரம் கூடுகிறது, பச்சை கருக்கிறது. மலையின் மேற்கு விளிம்பில் வைத்திரி, லக்கிடி பக்கம் வந்தால் கேரளத்திலேயே அதிகம் மழை வாங்கும் இடங்களில் ஒன்று. மரத்தண்டு தெரியாமல் பாசியும் பெரணியும் போர்த்தியிருக்கும் மழைக்காடு. இரண்டு மூன்று மணி நேரப் பயணத்தில் இரண்டு உலகம்.

அங்கே ஏலமும் காபியும் போட்ட ஒரு பழைய தோட்டத்தின் ஓரத்தில், காட்டிலிருந்து இறங்கி வரும் ஓடை ஒன்று. அதன் கரையோடு அரைக் கிலோமீட்டர் நடக்க, இரவு எட்டு மணிக்குக் கிளம்பினோம். அழைத்துப் போனவர் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழ் இளைஞர். பருவமழை ஒரு நாள் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது. கால் சட்டைக்கு மேல் அட்டை ஏறாத துணி உறை, காலில் ரப்பர் பூட்ஸ், கையில் டார்ச்.

“சார், டார்ச்ச கீழ பிடிக்காதீங்க. கண்ணுக்குப் பக்கத்துல, நெத்தியோட ஒட்டிப் பிடிச்சு தரையப் பாருங்க” என்றார்.

பிடித்தேன். தரையெங்கும் பச்சையும் நீலமுமாகக் கல் பதித்தது போல் மின்னியது. பனித்துளி என்று நினைத்தேன். குனிந்தால் ஒவ்வொரு மினுமினுப்பும் ஒரு சிலந்தி. வலை பின்னாமல் ஓடிப் பிடித்து வேட்டையாடும் ஓநாய்ச் சிலந்திகள். காலடியில் அத்தனை கண்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன.

இந்த மின்னலுக்குப் பின்னால் இருப்பது ஒரு சிக்கனம். இரவில் ஒளி என்பது அரிய பண்டம். கண்ணுக்குள் நுழையும் ஒளித்துகள்களில் பல, விழித்திரையின் செல்களில் படாமல் நழுவிப் போய்விடும். பல இரவாடிகளின் கண்ணில் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி போன்ற ஒரு படலம் இருக்கிறது. டபீட்டம் லூசிடம் என்று பெயர். நழுவிய ஒளியை அது திருப்பி அனுப்புகிறது. அதே ஒளித்துகளைப் பிடிக்க விழித்திரைக்கு இரண்டாவது வாய்ப்பு. அப்படியும் பிடிபடாதது வந்த வழியே வெளியே போகிறது. அந்த மிச்சத்தைத்தான் நாம் மானின் கண்ணிலும் புலியின் கண்ணிலும் பக்கியின் கண்ணிலும் நெருப்புத் துண்டாகப் பார்க்கிறோம். ஒளி வந்த திசையிலேயே திரும்புவதால், டார்ச் கண்ணோடு ஒட்டியிருந்தால்தான் தெரியும். இடுப்பருகே பிடித்தால் அந்த மினுக்கம் நம் இடுப்புக்குத்தான் தெரியும். இளைஞருக்கு டபீட்டம் என்ற சொல் தெரியாது. அதன் வடிவியல் அத்துபடி.

நமக்கு அந்தப் படலம் இல்லை. குரங்குகளுக்கும் இல்லை. நம்மிடம் இருப்பது பொறுமையாகக் காத்திருந்தால் மட்டும் வேலை செய்யும் ஓர் ஏற்பாடு. விழித்திரையில் வண்ணம் பார்க்கக் கூம்பு செல்கள், மங்கிய ஒளியில் பார்க்கக் குச்சி செல்கள். குச்சி செல்களில் ரோடாப்சின் என்ற நிறமி இருக்கிறது. பளிச்சென்ற வெளிச்சம் பட்டால் அது வெளுத்துப் போய்விடும். இருட்டில் மெல்ல மெல்லத் திரும்ப உருவாகும். முழுமையாகக் கூட முப்பது, நாற்பது நிமிடம் பிடிக்கும். கூடிவிட்டாலோ அதன் கூர்மை நம்ப முடியாதது. 1942-இல் ஹெக்ட், ஷ்லேர், பிரென் ஆகிய மூவரும் செய்த புகழ்பெற்ற சோதனை, ஒரு குச்சி செல்லை உசுப்ப ஒற்றை ஒளித்துகள் போதும் என்ற முடிவுக்கு நம்மைக் கொண்டுபோனது. அந்த நாற்பது நிமிட முதலீட்டை யாராவது ஒருவர் செல்போனை எடுத்து மணி பார்த்தால் போதும், ஒரே நொடியில் கரைத்துவிடலாம். இரவு நடைக்குச் சிவப்பு விளக்கு கொண்டுபோவது இதனால்தான். ஆழ்ந்த சிவப்பைக் குச்சி செல்கள் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை.

டார்ச் வெளிச்சத்தில் ஓர் அந்துப்பூச்சி வந்து சுற்றத் தொடங்கியது. தமிழில் விட்டில்பூச்சிக்கு ஒரு நெடுங்கதை உண்டு. ஆசைப்பட்டு விளக்கில் விழுந்து மாயும் அது, எத்தனையோ மேடைகளில் உவமையாகியிருக்கிறது. அதன் மேல் சுமத்திய பழியைத் துடைக்க ஒரு ஆய்வு 2024 ஜனவரியில் வந்தது. சாமுவேல் ஃபேபியன், யாஷ் சோந்தி உள்ளிட்டோர், விளக்கைச் சுற்றும் பூச்சிகளை அதிவேகக் கேமராவில் பிடித்தார்கள். கோஸ்டா ரிக்காவின் மழைக்காட்டிலும் படம் எடுத்தார்கள். பார்த்தால், பூச்சி விளக்கை நோக்கிப் பறக்கவே இல்லை. விளக்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பறக்கிறது. கோடிக்கணக்கான ஆண்டுகளாக இரவில் வானம்தான் பூமியைவிடச் சற்று வெளிச்சமாக இருந்தது. எனவே வெளிச்சம் இருக்கும் பக்கம் மேல்பக்கம். முதுகை அதற்குக் காட்டினால் உடல் நேராக இருக்கிறது என்று அர்த்தம். பறக்கும் சிறு உயிருக்கு இதைவிட எளிய நீர்மட்டக் கருவி கிடையாது. நாம் பக்கவாட்டில் ஒரு விளக்கை வைத்ததும், அது முதுகை அந்தப் பக்கம் சாய்க்கிறது. சாய்ந்தால் பாதை வளைகிறது. வளைந்து வளைந்து வட்டமாகிறது. விளக்குக்கு மேலே வந்துவிட்டால் தலைகீழாகக் கவிழ்ந்து விழுகிறது. அது ஆசைப்பட்டு வரவில்லை. எது வானம் என்பதை நாம் அதற்குக் குழப்பிவிட்டோம். இதைப் படித்த நாளிலிருந்து என் வீட்டு வாசல் விளக்கை இரவில் எரியவிட எனக்கு மனம் வருவதில்லை.

டார்ச்சை அணைத்தேன். இருட்டு கொஞ்ச நேரம் சுவராக நின்றது.

பார்வை போனதும் ஒலி பெருக ஆரம்பித்தது. மாலை மங்கும் நேரத்தில் சில்வண்டுகள் அறுத்த அறுப்பு ஓய்ந்து, சுவர்க்கோழிகளும் இலை மாதிரிச் சிறகுள்ள பச்சை வெட்டுக்கிளிகளும் முறை மாறியிருந்தன. முதலில் எல்லாம் ஒரே இரைச்சல்தான். நின்று கேட்டால் இழை பிரியும். ஒன்று மேலே கீச்சென்று, ஒன்று நடுவில் டிரிரி என்று, ஒன்று விட்டுவிட்டு. ஒரே இரவில் இத்தனை பேர் கத்தினால் பெண் பூச்சி தன் இனத்தின் ஆணை எப்படி அடையாளம் கண்டுபிடிக்கும்? பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ரோஹிணி பாலகிருஷ்ணனின் குழு இந்தக் கேள்வியோடு ஆண்டுக்கணக்காகக் குதிரேமுக் காடுகளில் இரவு இரவாக உட்கார்ந்திருந்தது. ஒலியின் அலைவெண், தாளம், கத்தும் உயரம் என்று ஒவ்வொரு இனமும் தனக்கென ஓர் இடம் பிடித்துக்கொண்டிருப்பதை அவர்களின் வேலை விரிவாகக் காட்டுகிறது. தரையில் ஒன்று, புதரில் ஒன்று, மர உச்சியில் ஒன்று.

அதே குழுவின் 2015-ஆம் ஆண்டுக் கண்டுபிடிப்பு ஒன்று என்னை வெகுநாள் யோசிக்க வைத்தது. பெரிய காதுகள் கொண்ட ஒரு வகை வௌவால் இந்த வெட்டுக்கிளிகளைப் பிடித்துத் தன் இருப்பிடத்துக்குக் கொண்டுபோய்த் தின்னும். சிறகுகளைத் தின்னாமல் கீழே போட்டுவிடும். கத்திக்கொண்டே இருப்பவன் ஆண். இருக்கும் இடத்தை ஊருக்கே அறிவிப்பவன் அவன். ஆகவே கீழே கிடப்பதில் ஆண் சிறகுதான் மிகுதியாக இருக்க வேண்டும் என்றுதான் எவரும் நினைப்போம். மிகுதியாகக் கிடந்தது பெண் சிறகு. ஆண் ஒரே இடத்தில் உட்கார்ந்து பாடுகிறான். பெண் அந்தக் குரலைத் தேடிச் சத்தமில்லாமல் இருட்டைக் கடந்து பறந்து போகிறாள். வௌவால் பிடிப்பது அவளை. காட்டின் இந்தப் பெரிய இரைச்சலுக்கு அடியில், யாருக்கும் கேட்காத எத்தனை பயணங்கள் நடக்கின்றன என்று அந்த இருட்டில் நிற்கும்போது நினைத்துக்கொண்டேன்.

தென்னிந்தியப் புதர்க்காடுகளில் இருக்கும் மரச்சுவர்க்கோழி ஒன்றைப் பற்றியும் சொல்லாமல் போக மனமில்லை. உடல் சிறிதாகவும் குரல் மெலிந்தும் இருக்கும் ஆண், ஓர் இலையின் நடுவே துளை போட்டு, அந்தத் துளையில் சிறகை வைத்துப் பாடுகிறது. இலை ஒலிபெருக்கி ஆகிவிடுகிறது. கருவி செய்துகொள்ளும் பூச்சி!

ஓடைக்கு வந்துவிட்டோம். இனி தவளைகளின் ராஜ்யம்.

இளைஞர் விரலை உதட்டில் வைத்தார். டக், டக், டக் என்று மரப்பலகையில் சுண்டுவது போல் ஒரு குரல். என் கண்ணுக்கு நேரே உள்ள ஏல இலையிலிருந்துதான் வருகிறது, சத்தியமாக, ஆனால் தெரியவில்லை. இலையை மெல்லத் திருப்பிக் காட்டினார். கட்டைவிரல் நகத்தளவு ஒரு புதர்த்தவளை. தொண்டை அதன் தலையைவிடப் பெரிதாகப் பலூன் போல ஊதி, விளக்கொளி அதற்குள் ஊடுருவியது. பள்ளியில் நாம் படித்த தவளைக் கதை இதற்குப் பொருந்தாது. முட்டை, தலைப்பிரட்டை, வால் உதிர்தல், அதெல்லாம் குளத்துத் தவளைக்கு. புதர்த்தவளை ஈரமான மண்ணிலோ இலையிலோ முட்டையிடும். முட்டைக்குள்ளேயே எல்லா மாற்றங்களும் முடிந்து, முழு உருவத்தோடு ஒரு கடுகுத் தவளை வெளியே குதிக்கும். குளமே வேண்டாம். ஆனால் காற்றில் ஈரம் வேண்டும்; இலை காய்ந்தால் அந்தத் தலைமுறை முடிந்தது. மழைக்காட்டின் ஈரம்தான் அதன் குளம். குண்டலுபேட்டைப் பக்கம் இந்த வாழ்க்கை நடக்காது.

ஓடைக் கற்களுக்கு நடுவிலிருந்து வேறொரு குரல், கனமாக. இராத்தவளைகள். நிக்டிபட்ராகஸ் என்ற இந்தப் பேரினம் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. எஸ். டி. பிஜு தலைமையிலான குழு 2011-இல் ஒரே ஆய்வுக் கட்டுரையில் பன்னிரண்டு புதிய இராத்தவளைகளை அறிவித்தது. அதில் ஒன்று பூனை மாதிரிக் கத்துகிறது. மலையாளத்தில் பூனைக்குப் ‘பூச்சா’ என்பார்களே, அதையே அறிவியல் பெயராக வைத்துவிட்டார்கள். 2017-இல் இன்னும் ஏழு. அவற்றில் நான்கு பதினெட்டு மில்லிமீட்டரைத் தாண்டாதவை; நகத்தின் மேல் உட்கார வைக்கலாம். புலியும் யானையும் எண்ணப்பட்டு, பெயரிடப்பட்டு, படமெடுக்கப்பட்டு வெகுகாலம் ஆகிவிட்டது. இவையோ நாம் நடந்துபோகும் ஓடையோரத்தில் பெயரில்லாமல் கத்திக்கொண்டிருந்தன. பகலில் மட்டும் காட்டுக்குப் போகிறவர்களுக்கு இவை கிடைக்காது.

“கைய அந்தக் கொம்புல வைக்காதீங்க சார்.”

வைக்கப்போன கை அப்படியே நின்றது. ஒரு சாண் தள்ளி, காய்ந்த கொடி போல் ஒரு மலபார் குழிவிரியன். பாசியின் பச்சையும் மரப்பட்டையின் பழுப்பும் கலந்த உடல். அசைவே இல்லை. மூன்று நாளாக அதே கொம்பில்தான் இருக்கிறதாம். கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் நடுவே இரு பக்கமும் ஒவ்வொரு குழி. அதுதான் பெயருக்குக் காரணம். அந்தக் குழிக்குள் மெல்லிய சவ்வு ஒன்று விரிந்திருக்கிறது. எதிரே வரும் எலியின் உடற்சூடு அதில் பட்டால், ஒரு டிகிரியில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான மாற்றத்தைக்கூட நரம்புக்குச் சொல்லிவிடும். இருட்டில் பாம்பு வெப்பத்தால் ஓர் உருவத்தைப் பார்க்கிறது. இந்த வேலையைச் செய்யும் புரதத்தை 2010-இல் டேவிட் ஜூலியஸின் ஆய்வகம் கண்டுபிடித்தது. அது நம் உடலிலும் இருக்கிறது. கடுகெண்ணெயின் நெடி ஏறி மூக்கு எரிகிறதே, அதை நமக்கு உணர்த்துவது அதே புரதக் குடும்பம்தான். கடுகுத் தாளிப்பில் நாம் தும்மும் அதே மூலப்பொருளைக் கொண்டு, இந்தப் பாம்பின் பரம்பரை எலி பிடிக்கும் கண் செய்துகொண்டது.

நான் பார்க்க மிகவும் ஆசைப்பட்டது தேவாங்கை. ஒல்லியான ஆளைக் கிண்டல் செய்ய நம் ஊரில் அதன் பெயரைத்தான் இழுப்போம். கன்னடத்தில் இதற்குக் ‘காடு பாப்பா’ என்று பெயர், காட்டுக் குழந்தை. எவ்வளவு பிரியமான பெயர்! இந்தச் சாலையின் இரண்டு உலகத்திலும் அது உண்டு. கிழக்கே வறண்ட நாட்டில் சாம்பல் பூசிய மைசூர்த் தேவாங்கு. மேற்கே ஈரக் காட்டில் செம்பழுப்பான மலபார்த் தேவாங்கு. கால் கிலோ எடை, வால் இல்லை, முகத்தில் பாதி கண். அந்தக் கண்ணுக்காகவே அதை எத்தனையோ பேர் பிடித்துக் கொன்றார்கள், மருந்து என்றும் மாந்திரீகம் என்றும். 2022 அக்டோபரில் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் பரப்பைக் கடவூர் தேவாங்கு சரணாலயம் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. நாட்டில் தேவாங்குக்கென்று அமைந்த முதல் சரணாலயம் அது. அந்தச் செய்தியைப் படித்த அன்று நான் நண்பர்களுக்கெல்லாம் போன் போட்டேன்.

அன்றைக்கு அது கிடைத்தது. தோட்டத்து மரத்தில் ஏறியிருந்த மிளகுக்கொடியின் உயரத்தில் இரண்டு ஆரஞ்சுப் பொட்டு. நெருக்கமாக, முன்னோக்கி, மனிதக் குழந்தையின் கண் மாதிரி. சிவப்பு விளக்குக்கு மாறினோம். ஒரு கையை எடுத்து வைத்தது, யோசித்தது போல் நின்றது, அடுத்த கை. கிளை அசையவில்லை. இலையில் உட்கார்ந்திருந்த பூச்சியை நோக்கி இரண்டு கையும் ஒன்றாகப் பாய்ந்ததை நான் பார்க்கவில்லை. பாய்ந்து முடிந்த பிறகுதான் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு மென்றது.

குரங்கு வழியில் நமக்கு தூரத்து உறவு அது. ஆனால் இரவைக் கைவிடாத உறவு. பாலூட்டிகளின் வரலாற்றில் இரவுக்கு ஒரு பெரிய பங்கு இருக்கிறது. டைனோசர்கள் பகலை ஆண்ட காலத்தில் நம் முன்னோர்கள் இருட்டுக்குள் ஒதுங்கி வாழ்ந்தார்கள் என்ற கருத்தை 1942-இல் கோர்டன் வால்ஸ் முன்வைத்தார். அந்த நீண்ட இரவின் தடயம் இன்றைக்கும் நம் உடலில் உண்டு. பறவைகளுக்கு வண்ணம் பார்க்க நான்கு வகைக் கூம்பு செல்கள். பெரும்பாலான பாலூட்டிகளுக்கு இரண்டுதான். மற்றவை இருட்டில் பயன்படாமல் தொலைந்தன. ஈடாகக் கூர்ந்த செவியும் மூக்கும் மீசை முடியும் வந்தன. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்கள் அழிந்த பிறகுதான் பாலூட்டிகள் பகலில் நடமாடத் துணிந்தன என்று 2017-இல் வெளியான ஓர் ஆய்வும் சொல்கிறது. நம் குரங்கு முன்னோர் பழம் தேடிப் பகலுக்கு வந்து மூன்றாவது கூம்பை மீட்டுக்கொண்டார்கள். இருட்டின் கண்ணாடிப் படலத்தை விட்டுவிட்டார்கள். தேவாங்கு அதை வைத்துக்கொண்டது.

பத்தரை மணிக்கு ஓடைக் கரையில் ஒரு பாறையில் உட்கார்ந்தோம். “எல்லாத்தையும் அணைங்க. அரை மணி நேரம் பேச வேண்டாம்” என்றார் இளைஞர். உட்கார்ந்தோம். பூட்ஸுக்குள் ஓர் அட்டை எப்படியோ நுழைந்துவிட்டது தெரிந்தது; விட்டுவிட்டேன். எவ்வளவு நேரம் ஆனதோ, எதிர்க்கரையில் கிடந்த மரக்கட்டையில் ஏதோ வெளிறித் தெரிந்தது. நேராகப் பார்த்தால் காணவில்லை. சற்றுத் தள்ளிப் பார்த்தால் இருக்கிறது. விழித்திரையின் நடுப்புள்ளியில் குச்சி செல் கிடையாது, ஓரங்களில்தான். மங்கலானதைக் கடைக்கண்ணால்தான் பார்க்க முடியும். இன்னும் கொஞ்ச நேரத்தில் அது பச்சையாயிற்று. மட்கிய கட்டையில் படர்ந்த பூஞ்சை ஒளிவிட்டுக்கொண்டிருந்தது. சூடில்லாத ஒளி. பூஞ்சையின் உடலில் உள்ள லூசிஃபெரின் என்ற பொருள், ஒரு நொதியின் துணையோடு ஆக்சிஜனுடன் சேரும்போது வருவது. பிரேசில் காட்டின் ஒளிரும் பூஞ்சை ஒன்றை ஆராய்ந்தவர்கள், அது இரவு வந்தால் கூடுதலாக ஒளிர்வதையும் பூச்சிகளை அந்த ஒளி ஈர்ப்பதையும் 2015-இல் காட்டினார்கள். பூச்சிகள் வித்துகளைச் சுமந்து பரப்பும். நாங்கள் வந்து உட்கார்ந்தபோதும் அந்தக் கட்டை இதே மாதிரிதான் ஒளிர்ந்துகொண்டிருந்தது. எங்களிடம்தான் கண் இல்லை.

இரண்டு நாள் கழித்துத் திரும்பினேன். இந்த முறை வேண்டுமென்றே வயநாட்டுப் பக்கம் தங்கி, விடியுமுன் சாவடிக்கு வந்துவிட்டேன். எனக்கு முன்னால் ஆறேழு வண்டிகள். ஓட்டுநர்கள் போர்வைக்குள். அந்தப் பக்கம் காடு.

ஒன்பது மணி நேரம் அங்கே என்ன நடந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். ஆசிய யானைகள் மிகுதியாக வாழும் நிலப்பரப்பு அது. 1984-இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் விலங்கியல் பூங்காவில் யானைக் கொட்டடி அருகே நின்ற கேட்டி பெய்ன் காற்றில் ஒரு துடிப்பை உணர்ந்தார். காதில் எதுவும் விழவில்லை. பதிவுசெய்து பார்த்தபோது ஆசிய யானைகள் 14 முதல் 24 ஹெர்ட்ஸ் வரையிலான தாழொலியில் பேசிக்கொள்வது தெரிந்தது. நம் காது ஏறக்குறைய 20 ஹெர்ட்ஸில் நின்றுவிடும். தெளிந்த இரவில் தரை குளிர்ந்து, அதற்கு மேல் வெதுவெதுப்பான காற்றடுக்கு கூரை மாதிரி நிற்கும். தாழ்ந்த ஒலி அந்தக் கூரைக்குக் கீழேயே வெகுதூரம் போகும். யானைகள் தூரத்து உறவுகளோடு பேச உகந்த நேரம் இரவு. லாரி எஞ்சினின் உறுமலும் இதே தாழ்ந்த அலைவரிசையை நிரப்பும் ஒலிதான்.

இன்னொன்றும் மனத்தில் ஓடியது. 2018-இல் கேட்லின் கேய்னரும் மற்றவர்களும் ஆறு கண்டங்களிலிருந்து 62 பாலூட்டி இனங்கள் பற்றிய 76 ஆய்வுகளைத் தொகுத்தார்கள். மனிதர் நடமாட்டம் உள்ள இடங்களில் விலங்குகள் இரவுக்கு மாறியிருந்தன, சராசரியாக 1.36 மடங்கு. பகலை நாம் எடுத்துக்கொண்டதால் அவை இரவுக்குப் போயின. அந்த இரவிலும் முகத்துக்கு நேராக விளக்கைப் பிடித்தால் போக இடமில்லை. இருட்டுக்குப் பழகிய மானின் கண்ணில் முகப்பு விளக்கு பட்டால் அதன் விழித்திரை முழுதும் வெளுத்துப்போகும். அது ‘மிரண்டு’ நிற்பதாக நாம் சொல்கிறோம். அந்த நொடியில் அதற்குப் பார்வையே இல்லை.

ஐந்தே முக்காலுக்குப் பக்கி மறுபடி கூவியது. முன்னால் இருந்த லாரியின் ஓட்டுநர் இறங்கி, முகம் கழுவி, பீடி பற்றவைத்தார். “எந்தப் பறவை சார் அது? தினமும் கேக்குறேன்” என்றார். சொன்னேன். “பகல் சூட்ட தார் ரோடு ராத்திரியும் வச்சிருக்கும். அதுக்குத்தான் வந்து உக்காருதுன்னு நெனைக்கிறேன்” என்றார். நானும் அதைத்தான் சொல்ல வாயெடுத்தேன்.

ஆறு மணிக்குக் கம்பம் மேலேறியது. லாரி உறுமி, விளக்கைப் போட்டது. ஐம்பதடி தள்ளிச் சாலை நடுவே இரண்டு சிவப்புப் புள்ளிகள். ஓட்டுநர் விளக்கைத் தணித்து, கிளட்சை மிதித்தபடி காத்திருந்தார். பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். அவர் நகரவில்லை. புள்ளிகள் எழுந்து, ஒரு முறை வளைந்து, தேக்குகளுக்குள் மறைந்தன.